பெருநாள் மறுநாள் மலையடிவாரம் போகும் முன்

 

பெருநாள் மறுநாள் நம் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு அய்யனார் கோவில் ஆற்றுக்கும் செண்பகத்தோப்புக்கும் போவதுண்டு. வனத்துறை அனுமதிக்கிற நாளில், அனுமதிக்கிற இடம் வரை தாராளமாகப் போங்கள். ஆனால் அது யாருடைய வீடு என்று தெரிந்து போக வேண்டும்.

1988-ல் அந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. அந்த அணில் கிளைவழியே மரத்துக்கு மரம் தாவிப் போவது. நடுவில் நாலு மரத்தை விறகுக்கு வெட்டினால் அது தரையில் இறங்க வேண்டும். இறங்கினால் நாய்க்கு இரையாகும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். முயல் கறி, மான் கறி என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்தால், "பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்ததுதானே" என்று நம் பிள்ளைகள் வாங்கிவிடுகிறார்கள். அறுத்த முறை மட்டும் போதுமா? மான் ஹலாலான பிராணிதான். ஆனாலும் இஹ்ராம் கட்டிய ஹாஜி அதை வேட்டையாடக் கூடாது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற இடத்தைப் பொதுக் காரியத்துக்காக ஒதுக்கிக் காத்தார்கள். அதற்கு 'ஹிமா' என்று பெயர். நம் மலை ஹரம் அல்ல. ஆனால் ஒரு நிலத்துக்கு எல்லை வகுத்து அங்குள்ள உயிர்களைக் காப்பது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல.

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், மான் வேட்டை மட்டுமல்ல, அந்தக் கறியை வாங்குவதும் குற்றம். புலிகள் காப்பகத்துக்குள் வேட்டையாடியது நிரூபணமானால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. ஒருவேளைக் கறிக்காக ஒரு பிள்ளையின் வேலையும் வெளிநாட்டுப் பயணமும் நின்றுபோனால், அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது?

போகிறவர்கள் இன்னும் மூன்றைக் கவனியுங்கள். மிச்சச் சோற்றைக் குரங்குக்குப் போடாதீர்கள். பழகிவிட்டால் அது பிள்ளைகள் கையிலிருந்தே பறிக்கும். அங்கே அடுப்பு மூட்டாதீர்கள். பாலிதீன் பையை ஆற்றில் விடாதீர்கள். அந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வந்து ராஜபாளையத்துக்குக் குடிநீராகிறது. நாம் ஒளு செய்வதும் அதில்தான்.

அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தைப் பேணுகிறவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.