பாம் ஆர்கனைசரில் வேர்டு ஃபைல்: போனது எப்படித் திரும்பி வந்தது?

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி இங்கே எழுத்தில் தந்திருக்கிறோம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே இருக்கும்.)

இன்னைக்கு ஒரு பழைய கேள்வியை எடுத்துக்கலாம். வருஷம் 2001. உங்க கையில ஒரு பாம் ஆர்கனைசர் இருக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கிற வேர்டு, எக்செல் ஃபைல்களை அதுல எடுத்துட்டுப் போகணும், வழியில திருத்தணும், திரும்பி வந்து கம்ப்யூட்டர்ல சேர்க்கணும். எந்த சாஃப்ட்வேர் வாங்குவீங்க? டாக்குமெண்ட்ஸ் டு கோவா, குயிக்ஆஃபீஸா, வேர்ட்ஸ்மித்தா? இல்ல, பாமே வேணாம்னு மைக்ரோசாஃப்டோட பாக்கெட் பிசி பக்கம் போயிடுவீங்களா?

அந்தக் காலத்து ஒப்பீடுகளைப் பார்த்தா பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எத்தனை ஃபான்ட் காட்டுது, ஸ்பெல் செக் இருக்கா, விலை என்ன, எவ்வளவு மெமரி சாப்பிடுது. இதெல்லாம் தேவைதான். ஆனா என்னைக் கேட்டா இதுல ஒண்ணுகூட முதல் கேள்வி கிடையாது. ஃபைல் கைக்கு வந்து, ரெண்டு வரி மாத்தி, திரும்ப கம்ப்யூட்டருக்குப் போனதும், அந்த ஒரிஜினல் ஃபைல் என்ன கதியில இருக்கு? இதுதான் முதல் கேள்வி.

இது ஏன் அவ்வளவு கஷ்டமான விஷயம்னு புரியணும்னா, மெஷினைப் பத்திக் கொஞ்சம் பேசணும். 1996-ல வந்த முதல் பைலட்ல இருந்த மெமரி 128 கேபி. எம்பி இல்லைங்க, கேபி. திரை 160-க்கு 160 புள்ளி. 2000 வாக்குல எல்லாரும் வெச்சிருந்த பாம் விஎக்ஸ்ல 8 எம்பி மெமரி, 20 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர். அதுல ஃபைல்னு நாம நினைக்கிற சமாச்சாரமே கிடையாது. எல்லாமே டேட்டாபேஸ். ஒரு டேட்டாபேஸுக்குள்ள நிறைய ரெக்கார்டு, ஒரு ரெக்கார்டு 64 கேபியைத் தாண்டக்கூடாது. கூடவே வர்ற மெமோ பேட்ல ஒரு குறிப்புக்கு சுமார் 4000 எழுத்துதான், அதுக்கு மேல எழுதணும்னா அடுத்த மெமோ திறக்கணும்.

இந்தப் பக்கம் வேர்டோட டாக் ஃபைல். அது வெறும் எழுத்து வரிசை இல்லை. உள்ளே ஒரு குட்டி ஹார்ட் டிஸ்க் மாதிரி அமைப்பு. ஒரு ஃபைலுக்குள்ள பல ஓடைகள், எது எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை, பாதியில விட்டுப்போன பழைய துண்டுகள். அதோட முழு விவரத்தை மைக்ரோசாஃப்ட் எல்லாரும் எடுத்துக்கிற மாதிரி வெளியிட்டதே 2008 பிப்ரவரியிலதான். அதுக்கு முன்னாடி வெளி கம்பெனிக்காரங்க பிரிச்சுப் பார்த்து, அடிச்சுத் திருத்தி கத்துக்கிட்டதுதான் அதிகம். இப்படி ஒரு ஃபைலை அப்படியே ஒரு பாம்ல வெச்சுத் திருத்தறதுங்கறது நடக்கிற காரியம் இல்லை. யாரோ ஒருத்தர் நடுவுல உக்காந்து மொழிபெயர்க்கணும்.

அந்த மொழிபெயர்ப்பு எங்க நடக்குது, எப்படி நடக்குதுங்கறதுலதான் இந்த சாஃப்ட்வேர்கள் பிரியுது.

டாக்குமெண்ட்ஸ் டு கோ பண்ணின டேட்டாவிஸ், அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துக் கம்பெனி. 1984-ல ஆரம்பிச்சது. அவங்களோட பழைய தொழிலே மேக் ஃபைலை பிசிக்கும் பிசி ஃபைலை மேக்குக்கும் மாத்தித் தர்றது, மேக்லிங்க்பிளஸ்னு ஒரு புரோகிராம். அதாவது ரெண்டு பக்கமும் ஒத்துப்போகாத ஃபைல்களை வருஷக்கணக்கா கையாண்டவங்க. அந்த அனுபவம் பாம்ல தெரியுது. அவங்க முறை இதுதான்: ஒரிஜினல் வேர்டு ஃபைல் கம்ப்யூட்டர்லயே இருக்கும். நீங்க அதை டாக்குமெண்ட்ஸ் டு கோ விண்டோவுல இழுத்துப் போட்டு, தொட்டில்ல பாமை வெச்சு ஹாட்சிங்க் பட்டனை அழுத்தினா, இளைச்ச ஒரு பிரதி மட்டும் கைக்குப் போகும். கையில என்ன மாத்தினீங்களோ, அடுத்த ஹாட்சிங்க்ல அந்த மாற்றம் மட்டும் ஒரிஜினலுக்குள்ள போய் உக்காரும். பாமால காட்டவே முடியாத அலங்காரம் எல்லாம் கம்ப்யூட்டர்ல தொடப்படாம இருந்ததால, அது பத்திரம். இதுக்கு 'இன்டாக்ட் டெக்னாலஜி'ன்னு பேர் வெச்சு விளம்பரம் பண்ணாங்க. பேரு கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா யோசனை உருப்படியானது.

நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, கிட்ல நீங்க முழு ஃபைலையும் தூக்கி மேல எழுதாம டிஃப் மட்டும் எடுத்து அப்ளை பண்றீங்கல்ல, கிட்டத்தட்ட அந்த எண்ணம்.

இப்ப பாக்கெட் பிசியைப் பாருங்க. 2000-ல வந்த காம்பாக் ஐபாக் 206 மெகாஹெர்ட்ஸ், 32 எம்பி மெமரி, கலர் திரை. பாம் விஎக்ஸ் அதுக்கு முன்னாடி பொம்மை. உள்ளே பாக்கெட் வேர்டு, பாக்கெட் எக்செல், அதுவும் வேர்டு பண்ணின அதே மைக்ரோசாஃப்டோடது. யாரா இருந்தாலும் ‘இதுதான் வேர்டு ஃபைலை ஒழுங்கா வெச்சுக்கும்’னுதான் நினைப்பாங்க. நடந்தது தலைகீழ். ஆக்டிவ்சிங்க் வழியா போகும்போதே டாக் ஃபைல் பாக்கெட் வேர்டோட சொந்த வடிவத்துக்கு மாறிடும். அட்டவணை இருந்தா கட்டம் போயிடும், டேப் இடைவெளி விட்ட வெறும் வரிகள்தான் மிஞ்சும். அடிக்குறிப்பு, பக்கத் தலைப்பு போயிடும். அதைத் திருத்தி கம்ப்யூட்டருக்கு அனுப்பினா, மிஞ்சினதுல இருந்துதான் புது டாக் ஃபைல் உருவாகும். ஒரு வக்கீல் ஒப்பந்தத்தை எடுத்துட்டுப் போய் ரயில்ல ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தறார்னு வைங்க. திரும்பி வந்த ஃபைல்ல பிழை இருக்காது, கூடவே அட்டவணையும் இருக்காது. 2005-ல விண்டோஸ் மொபைல் 5 கூட வேர்டு மொபைல் வந்த பிறகுதான் இந்த நிலைமை மாறுச்சு. அதுக்குள்ள, ஜெர்மனியில நியூரம்பெர்க்ல இருக்கிற சாஃப்ட்மேக்கர், டெக்ஸ்ட்மேக்கர்ங்கிற புரோகிராமை பாக்கெட் பிசியிலயே டாக் ஃபைலைத் திறக்கிற மாதிரி கொடுத்துட்டாங்க.

ஆக, பத்து மடங்கு வேகமான மெஷின், வேர்டைப் பண்ணின அதே கம்பெனி, ஆனா ஃபைலைக் காப்பாத்தினது 20 மெகாஹெர்ட்ஸ் பாமும் ஒரு மூணாவது ஆளும். எனக்கு இந்தச் சின்ன வரலாறு ரொம்பப் பிடிக்கும். ஹார்டுவேர் ஸ்பெக்கைப் பார்த்து மட்டும் முடிவெடுத்தவங்க இங்க ஏமாந்தாங்க.

குயிக்ஆஃபீஸுக்கு வருவோம். இதைப் பண்ணினது கட்டிங் எட்ஜ் சாஃப்ட்வேர். அவங்களோட பலம் குயிக்ஷீட், அதாவது எக்செல் பக்கம். ஒரு செல்லை மாத்தினா அதை நம்பியிருக்கிற மத்த செல் எல்லாம் பாம்லயே கணக்குப் போட்டு மாறும். கட்டுமான வேலையில இருக்கிறவங்க, விற்பனைக்காரங்க, இவங்களுக்கு வேர்டை விட எக்செல்தான் வழியில தேவைப்படும். 160 புள்ளி அகலத்துல கட்டுரை எழுதறது தண்டனை, ஆனா ஒரு விலையை மாத்தி மொத்தத்தைப் பார்க்கிறதுக்கு அந்தத் திரை போதும். அதனால எண்கள்தான் உங்க வேலைன்னா, நான் குயிக்ஆஃபீஸ்னுதான் சொல்லியிருப்பேன்.

ப்ளூ நோமாடோட வேர்ட்ஸ்மித் வேற ரகம். அது முழுக்க எழுதறவங்களுக்கு. மடக்கு கீபோர்டை விரிச்சு வெச்சு ஒரு காபிக் கடையில உக்காந்து நாலு பக்கம் அடிக்கிறவங்களுக்கு அது சரி. எழுத்து பாம்லயே பொறக்குது, கம்ப்யூட்டர்ல ஒரிஜினல்னு ஒண்ணு கிடையாது. அப்ப ஒரிஜினலைக் காப்பாத்தற கவலையும் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, டாக்குமெண்ட்ஸ் டு கோவோட அந்த அழகான முறை, கம்ப்யூட்டர்ல ஒரிஜினல் இருக்குங்கறதை நம்பித்தான் நிக்குது. யாராவது இன்ஃப்ராரெட்ல ஒரு ஃபைலை உங்க பாமுக்கு அனுப்பினா, ஒட்டவைக்க ஒரிஜினல் எங்க? அதனாலதான் பின்னாடி, டங்ஸ்டன் வரிசை மெஷின்களுக்கு வேகமும் மெமரி கார்டும் வந்த பிறகு, கார்டுல இருக்கிற டாக் ஃபைலை நடுவுல மாத்தாம நேராத் திறக்கிற பதிப்புகள் வந்துச்சு.

அந்த மாற்றம் எவ்வளவு பெரிசுன்னு எனக்குப் புரிஞ்சது சமீபத்துலதான். நண்பர் ஒருத்தரோட அப்பா 2003, 2004-ல வெளிநாட்டுல வேலை. லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் தன் அப்பா, அதாவது நண்பரோட தாத்தா, சொல்லச் சொல்ல குடும்பக் கதை, நிலத்துக் கதை எல்லாத்தையும் ஒரு கையடக்க சாதனத்துல அடிச்சு வெச்சிருக்கார். தமிழ் யூனிகோடுக்கு அந்தச் சாதனத்துல இடமே இல்லை, அதனால ஆங்கில எழுத்துலயே தமிழ். தாத்தா இப்ப இல்லை. சாதனத்துல பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு. அந்தக் காலத்துப் பல சாதனங்கள்ல மெமரி மின்சாரம் இருக்கிற வரைக்கும்தான். அதனால உள்ளே ஒண்ணும் இல்லை. மிஞ்சினது ஒரு எஸ்டி கார்டு.

நண்பர் கார்டை எடுத்துட்டு வந்தார். “டேய், இதுல எங்க தாத்தா குரல் இருக்குடா, எப்படியாவது எடுத்துக் குடு”ன்னார். குரல்னு அவர் சொன்னது எழுத்தைத்தான். கார்டுல ரெண்டு வகை ஃபைல். சிலது டாக். லிப்ரே ஆஃபீஸ்ல போட்டதும் திறந்துச்சு, அஞ்சு நிமிஷ வேலை. மத்தது எல்லாம் பிடிபி. அந்த ஆஃபீஸ் புரோகிராம் தனக்குன்னு வெச்சிருந்த வடிவம். பேர் வேண்டாம், அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க.

இதே மாதிரி கார்டோ பழைய பேக்கப் ஃபோல்டரோ உங்க வீட்டுலயும் இருக்கலாம், அதனால என்ன பண்ணோம்னு சொல்றேன். முதல்ல கார்டை அப்படியே காப்பி எடுத்து வெச்சுட்டு, காப்பியில மட்டும் கை வெச்சோம். பிடிபி ஃபைலை ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தா, முதல் 32 பைட் டேட்டாபேஸோட பேரு. 60-வது பைட்ல இருந்து எட்டு எழுத்து இருக்கும்: முதல் நாலு வகை, அடுத்த நாலு அதை உருவாக்கின புரோகிராமோட அடையாளம். பிடிபிங்கறது வெறும் உறை, உள்ளே என்னங்கறதை இந்த எட்டு எழுத்துதான் சொல்லும். தேதி எல்லாம் 1904 ஜனவரி 1-ல இருந்து விநாடிக் கணக்கு, அதையும் மாத்திப் பார்த்தா எப்ப எழுதினதுன்னு தெரியும். அந்த எட்டு எழுத்து சாதாரண பாம்டாக் வகையைக் காட்டினா கவலையே வேண்டாம், காலிபர் திறந்துடும்.

எங்களோடது அப்படி இல்லை. கடைசியில பிரவுசர்லயே ஓடற கிளவுட்பைலட்ங்கிற எமுலேட்டர்ல ஒரு பாமை உயிர்ப்பிச்சு, அந்தப் பழைய புரோகிராமையே அதுல ஏத்தி, ஃபைலைத் திறந்தோம். வந்துச்சு. நண்பர் ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து, இந்தத் தடவை தமிழ்லயே டைப் அடிச்சுட்டு இருக்கார். பாதிதான் முடிஞ்சிருக்கு. நடுவுல ஒரு கிணத்தோட பேரு வந்துச்சாம், அவங்க வீட்டுல இப்ப யாருக்கும் அது எங்க இருக்குன்னு தெரியலை. அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டுட்டு இருக்கார்.

சரி, இந்தக் கம்பெனிகள் என்ன ஆச்சுன்னு வேகமா சொல்லிடறேன். குயிக்ஆஃபீஸ் நோக்கியா ஈ வரிசை போன்கள்ல கூடவே வந்துச்சு. ஈ71 வெச்சிருந்தவங்க மெனுவுல அந்த ஐகானைப் பார்த்திருப்பீங்க. 2012-ல கூகுள் வாங்குச்சு. டாக்குமெண்ட்ஸ் டு கோ பிளாக்பெர்ரிக்குப் போச்சு, 2010-ல டேட்டாவிஸோட சொத்துல ஒரு பகுதியை அந்த போனைப் பண்ணின ரிம் வாங்குச்சு. அதே 2010-ல பாமையே எச்பி 120 கோடி டாலருக்கு வாங்கி, ரொம்ப நாள் வெச்சுக்கலை.

இப்ப உங்க போன்ல இருக்கிற ஆஃபீஸ் ஆப்புக்கும் அதே சோதனையைப் பண்ணிப் பாருங்க, பத்து நிமிஷம் ஆகும். கம்ப்யூட்டர்ல ஒரு வேர்டு ஃபைல் எடுங்க. அதுல ஒரு அட்டவணை, ரெண்டு அடிக்குறிப்பு, ஓரத்துல ஒரு கமென்ட், டிராக் சேஞ்சஸ்ல நாலு திருத்தம், ஒரு பத்தி தமிழ் இருக்கட்டும். போன்ல திறந்து ஒரே ஒரு வார்த்தையை மாத்தி சேவ் பண்ணுங்க. திரும்ப கம்ப்யூட்டர்ல திறந்து பழசையும் புதுசையும் வேர்டோட கம்பேர் வசதியில பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு வார்த்தை மட்டும் மாறியிருந்தா அந்த ஆப்பை வெச்சுக்கோங்க. வேற என்னென்ன மாறியிருந்ததுன்னு, ஆப் பேரோட கமென்ட்ல எழுதுங்க, வர்றதை எல்லாம் சேர்த்து அடுத்த எபிசோட்ல பேசலாம். பழைய பிடிபி ஃபைல் வெச்சுட்டு முழிக்கிறவங்களும் அந்த எட்டு எழுத்தை மட்டும் அனுப்புங்க, என்ன வகைன்னு பார்த்துச் சொல்றேன்.