ஆடாதோடைக் கஷாயம்: யாருக்கு, எத்தனை நாள்?



மழைக்காலம் வந்தாலே நம்ம செஞ்சிப் பக்கம் வீட்டுக்கு வீடு இருமல்தான். வேலியோரம் நாலு ஆடாதோடை இலை பறிச்சுக் கஷாயம் வைக்கிறோம். சளியை இளக்கும் நல்ல மூலிகை அது. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே உருவாக்கினார்கள்.

ஆனா, அதே வாசிசின் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும். கர்ப்பிணிக்கு ஒரு வாய்கூடக் கொடுக்காதீங்க. நாள் தள்ளிப்போயிருக்கான்னு மருமகளைக் கேட்டுட்டே டம்ளரை நீட்டுங்க.

இலை பறிக்கப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். அரளி இலையும் நீளமாத்தான் இருக்கும், அது விஷம். கஷாயத்தில் தேன் கலப்போம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூட வேண்டாம். குழந்தை மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் அடுப்பை அணைச்சிட்டு 108-ஐக் கூப்பிடுங்க.

பெரியவங்களுக்கு இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கலைன்னா அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யணும். காசு வாங்க மாட்டாங்க. கஷாயம் இருமலைக் கொஞ்சம் அடக்கும், காசநோயைக் குணப்படுத்தாது. அடக்கிக்கிட்டே இருந்தா வீட்டில் மற்றவங்களுக்கும் பரவும்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வாரக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை கேட்கிறோம். இருமுகிற சகோதரியிடம் "எத்தனை நாளா இருமுது?" என்றும் கேளுங்க. இரண்டு வாரம் என்றால் ஒருத்தர் துணைக்குப் போங்க.