தகரப் பெட்டியும் மின்னஞ்சற் பெட்டியும்



கஹவத்தையைச் சூழ்ந்த தேயிலை, றப்பர்த் தோட்டங்களிலே முதியோர் வாழும் லயன் காம்பராக்களில், கட்டிலின் கீழே ஒரு தகரப் பெட்டி இருப்பதைப் பலர் கண்டிருப்பர். மேலே ஒரு பட்டுச் சேலையும் ஒன்றிரண்டு நிழற்படங்களும் கிடக்கும். அடியிலே மடிப்பு நைந்த கடதாசிகள் இருக்கும்: பிறப்பத்தாட்சிப் பத்திரம், பிரஜாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதிக் கடிதம், இந்தியாவுக்குச் சென்ற தமையன் அங்கிருந்து எழுதிய கடிதங்கள். அடைமழையிற் கூரை ஒழுகத் தொடங்கினால் முதலில் இடம் மாற்றப்படுவது இந்தப் பெட்டியே.

இந்த அச்சம் காரணமின்றி வந்ததன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இந்நாட்டிலே இடையறாது வாழ்ந்தமையை நிரூபிக்கும்படி கேட்டது. கொழுந்து பறித்த கை சாட்சியாகாது, கடதாசிதான் சாட்சி. பின்னர் 2003ஆம் ஆண்டிலே புதிய சட்டம் வந்தபோதும், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இங்கு வசித்தமையே உரைகல்லாயிற்று. ஏறத்தாழ நாற்பதாண்டுக்கு முந்திய ஒரு நாளைப்பற்றிய கேள்வி அது.

அந்தப் பாட்டியின் பேத்திக்கு இன்று வரும் கடிதங்கள் தகரப் பெட்டிக்குள் வருவதில்லை. கொழும்பிலே வேலை கிடைத்த நியமனக் கடிதமும், வளைகுடா நாடு சென்ற தந்தையின் ஒப்பந்தப் பத்திரமும், வங்கிக் கணக்குக் கூற்றும் மின்னஞ்சலாகவே வருகின்றன. தோட்டப் பாடசாலை அலுவலகத்திலும் இதே கதைதான். சுற்றறிக்கை, இடமாற்றக் கடிதம், மாணவர் விபரம் யாவும் ஒரே அஞ்சற் பெட்டியில் வந்து குவிகின்றன. ஒருநாள் காலையிலே, இடம் நிறைந்துவிட்டது, இனிக் கடிதம் ஏற்க இயலாது என்ற அறிவித்தல் திரையிலே தோன்றுகிறது. அன்றுதான் இலிகிதர் பதறுகிறார்.

பதற்றத்திலே பெரும்பாலோர் செய்வது பழைய கடிதங்களை மொத்தமாக அழிப்பது. சற்று நிதானமுள்ளவர், "ஆவணப்படுத்து" என்ற பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதி அடைகிறார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. ஜிமெயிலில் அந்தப் பொத்தான், கடிதத்தை முன்வாசலிலிருந்து எடுத்துப் பின்னறையிலே வைக்கிறது, அவ்வளவே. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடத்தில் ஓர் அணுவும் மிச்சமாவதில்லை. அவ்விடத்தையும் நிழற்படங்களும் பிற கோப்புகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பது பலர் அறியாதது. அவுட்லுக் போன்ற செயலியிலோ நிலைமை வேறு. பழைய கடிதங்கள் அஞ்சற் பெட்டியிலிருந்து வெட்டப்பட்டு, அதே கணனியில் ஒரு கோப்பாகச் சேர்கின்றன. இடம் மிச்சமாவது மெய்தான். ஆனால் முன்பு அஞ்சல் நிறுவனத்தாரிடம் இருந்த ஒரே பிரதி, இப்போது மேசைமேல் இருக்கும் ஒரே பிரதி ஆகிவிட்டது. இடம் மாற்றுவது வேறு, படி எடுப்பது வேறு. இந்த வேறுபாட்டை உணராமையே பல இழப்புகளுக்கு மூலம்.

இதற்குப் பெரிய உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2023 ஓகஸ்ட் மாத இறுதியிலே, இலங்கை அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சற் சேவை, கப்பம் கோரும் நச்சு நிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. சேவை விரைவிலே மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள் திரும்பவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டோருள் ஒன்று; ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது கூறப்பட்டது. படி இருக்கவில்லையா என்றால், இருந்தது. ஆயின் அந்தப் படியும் அதே வலையமைப்போடு இணைந்திருந்தமையால், மூலத்தைப் பூட்டிய நச்சு நிரல் படியையும் பூட்டிவிட்டது. தனியே கழற்றி வைக்கப்பட்ட படி அந்த மாதங்களுக்கு இல்லை. மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. பணத் தட்டுப்பாட்டால் புதுப்பிப்புத் தள்ளிப்போயிற்று என்று விளக்கம் தரப்பட்டது. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்திலே கோத்துத் தொலைத்தவர் கதை போன்றது இது.

செல்வம் மிக்க நாடுகளும் இதற்கு விலக்கல்ல. தென்கொரியாவின் தேஜோன் நகரிலே 2025 செப்தெம்பர் 26ஆம் திகதி அரச தரவு நிலையம் ஒன்றில் தீப்பற்றியது. அரச ஊழியர் கோப்புகளைச் சேமித்த தொகுதி ஒன்று, 858 டெராபைட் அளவினது, எரிந்து போயிற்று. வெளியிடத்திலே அதற்குப் படி இல்லை. காரணம் என்னவெனில், படி எடுப்பதற்கு அது மிகப் பெரிதாக இருந்ததாம்! பெரிதாகிவிட்டது என்று தள்ளிப்போடப்படுவதே மேலும் பெரிதாகிறது.

இரத்தினபுரி மாவட்டத்துக்கு நச்சு நிரலும் தீயும் மட்டுமே பகையல்ல. 2003 மே மாத வெள்ளமும், 2017 மே மாத வெள்ளமும் எத்தனை அலுவலகங்களின் கோப்புகளைச் சேறாக்கின என்பதைக் களுகங்கைக் கரையிலுள்ளோர் அறிவர். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களின் பிற்பகல் இடிமின்னல், செருகியிருக்கும் கணனியை ஒரு நொடியிலே கரியாக்கவல்லது. ஆகவே கணனியிலே ஒரு பிரதி, அதே மேசை இழுப்பறையிலே இன்னொரு பிரதி என்பது போதாது.

வேலை கடினமானதன்று. முதலில் அளவிற் பெரிய இணைப்புகளைத் தேடி எடுக்கவேண்டும். எழுத்து மட்டும் உள்ள கடிதம் சிறிதே இடம் கொள்ளும், இடத்தை விழுங்குவன படங்களும் காணொளிகளுமே. எதையும் அழிப்பதற்கு முன், கூகிள் தரும் டேக்அவுட் வசதி மூலம் பெட்டி முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். தோட்டத்துச் சமிக்ஞை பலவீனமானால் கஹவத்தை நகரிலே செய்வது நல்லது. அக்கோப்பை இரண்டு வன்தட்டுகளிலே எழுதி, ஆண்டைப் பெயராக இட்டு, இரண்டையும் கணனியிலிருந்து கழற்றிவிட வேண்டும். பின்னர், பெரும்பாலோர் மறக்கும் ஒரு காரியம்: தண்டர்பேர்ட் போன்ற இலவசச் செயலியாலே அதைத் திறந்து, பழைய கடிதம் ஒன்றையேனும் வாசித்துப் பார்க்கவேண்டும். திறவாத படி, படியன்று. இவை யாவும் முடிந்தபின்னரே அழித்தல்.

இன்னுமொன்று. இரண்டாண்டு திறக்கப்படாத தனியார் கணக்கை நீக்கும் நடைமுறையைக் கூகிள் 2023 டிசெம்பரில் தொடங்கிற்று. கடல் கடந்து போனவர், நோயுற்றவர், காலஞ்சென்றவர் ஆகியோரின் கணக்குகள் இவ்வாறு போய்விடக்கூடும். இறந்த தந்தையின் சேமலாப நிதியைக் கோரும்போதுதான் அக்கடிதத்தின் தேவை தெரியவரும்.

வன்தட்டு இரண்டில் ஒன்றை வேறு ஊரிலே, பலாங்கொடையிலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். மற்றொன்றை வைப்பதற்கு இடம் தேடவேண்டியதில்லை. ஈரம் புகாதவாறு பொலித்தீனிற் சுற்றிய வன்தட்டு, பாட்டியின் தகரப் பெட்டியிலே பிரஜாவுரிமைப் பத்திரத்தின் பக்கத்திலே நன்றாகவே அடங்கும்.