யுகத்தின் நாட்டொகை



சித்திரை வருஷப்பிறப்புக்கு முந்திய மாலையில், நயினாதீவில் எங்கள் வீட்டு விறாந்தையிலே, கடற்கரையிற் பொறுக்கிய சோகிகளைப் பரப்பிவைத்து எனது பேரனார் கணக்கிட்டிருந்த காட்சியே இன்றைய பொருளை எனக்குத் தந்தது. சூரியன் மேடத்திற் புகும் சங்கிரமணம் சென்ற ஆண்டில் 52 நாழிகை 36 விநாழிகை 15 தற்பரை; அதனோடு 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரையைக் கூட்டி, அறுபது நிறைந்தவிடத்து வாரியெடுத்து மேல்வரிசையில் ஒன்றை வைத்து, 8 நாழிகை 7 விநாழிகை 30 தற்பரை என்று அவர் கூறியதும், கோயிலிலிருந்து கொணர்ந்த மருத்துநீர்ச் செம்பை அம்மா எடுத்து உள்ளே வைத்தார்.

"இந்தப் பதினைஞ்சு முப்பத்தொண்டு பதினைஞ்சு எங்கையிருந்து வந்தது, அப்பு?"

"யுகத்தின்ரை நாளை வருஷத்தாலை பிரிச்சுப் பார், மோனை."

பிரித்துப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. கி.பி. 499இல் இருபத்துமூன்று பிராயத்தினராயிருந்த ஆரியபடர், 43,20,000 ஆண்டு கொண்ட மகாயுகத்திற் பூமி தன்னைத்தான் சுற்றுவது 158,22,37,500 முறை என்றார். அதிலிருந்து சூரியனுக்குரிய 43,20,000 சுற்றைக் கழிக்க எஞ்சும் 157,79,17,500 என்பதே யுகத்தின் நாட்டொகை. பிரமிக்கத்தக்க இப்பேரெண்ணையும் ஆண்டுத்தொகையையும் 7,500 மீதியின்றி வகுக்கும். வகுத்தால், 576 ஆண்டுக்கு 2,10,389 நாள் என்று கைக்கடங்கிய கணக்காகிவிடும். இதற்குமேற் சுருக்க இயலாது. ஏனெனில் 2,10,389 என்பது 61, 3,449 என்னும் இரு பகா எண்களின் பெருக்கம். 576இலோ இரண்டும் மூன்றுமன்றி வேறு பகாக் காரணியில்லை. ஆண்டுக்கு 365 நாளாகக் கழிக்க, 576 ஆண்டில் மிஞ்சுவது 149 நாள்; அதை ஓராண்டுக்குப் பங்கிட வருவதே அப்புவின் 15, 31, 15. அறுபதை மும்முறை பெருக்கிய 2,16,000ஐ 576 மீதியின்றி வகுப்பதால், அம்மிச்சம் மூன்றாம் படியாகிய தற்பரையிலே துண்டு விழாமல் முடிந்துவிடுகின்றது. பின்னம் ஒழியுமாறு அமைந்த இவ்வெண் மிக அழகியது.

சூரிய சித்தாந்தத்தின் நாட்டொகை 157,79,17,828; மிகுதி 328 நாளேயெனினும், அம்முறையில் நாளும் ஆண்டும் முழுமையாக ஒத்துவர 10,80,000 ஆண்டு வேண்டும். சோகி அடுக்கும் கணக்கருக்கு உகந்தது ஆரியபடரின் எண்ணே என்பது என் துணிபு. ஆயினும் இன்று வானியலார் கொள்ளும் நட்சத்திர ஆண்டினும் அது ஏறத்தாழ 3 நிமிஷம் 20 விநாடி நீண்டது என்பதை மறைத்தல் தகாது.

சோகிக் கணக்கு எங்கள் வீட்டுக்கு மாத்திரம் உரியதன்று. புதுச்சேரித் தமிழர் ஒருவர் சோகிகளைத் தரையில் வைத்து, மனனஞ் செய்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணங் கணித்ததை, 1825இல் சென்னையில் வெளியான தமது 'காலசங்கலித'த்திலே யோன் வாரன் பதிந்துள்ளார்.

அப்புவின் 8, 7, 30 மீண்டும் வர 576 ஆண்டு செல்லும். அன்று சோகி வரிசையில் ஒன்றும் மாறாது. கிழமை மட்டும் நான்கு தள்ளி நிற்கும். கிழமையுங் கூடிவர 4,032 ஆண்டு வேண்டும்.