தோள்கொடுப்போம், தலைமை கேளோம்

  

குமுகாய மாற்றத்திற்கு மாணவர் அணியமாகும்போது மூத்தோர் செய்யத்தக்கது யாது? வரலாறு விடை கூறுகின்றது.

1960 பிப்பிரவரி 1ஆம் நாள், அமெரிக்காவின் கிரீன்சுபரோ நகரில், வெள்ளையர்க்கு மட்டுமே உணவு வழங்கிய கடையொன்றில் கறுப்பின மாணவர் நால்வர் அமர்ந்தனர். உணவு மறுக்கப்பட்டும் கடை அடைக்கும்வரை எழுந்தாரல்லர். அவ்வறப்போர் ஊர்தோறும் பரவியது. ஆறு திங்களுக்குள், சூலை 25இல், அக்கடை பணிந்தது.

அவ்வாண்டு ஏப்பிரலில் போராடும் மாணவரை இராலே நகரில் ஒருங்கு கூட்டியவர் எல்லா பேக்கர் என்னும் 56 அகவை அம்மையார். மாணவரைத் தம் இயக்கத்தின் கிளையாக்கிக்கொள்ள மூத்தோர் சிலர் விழைந்தனர். அம்மையாரோ, மாணவர் தம் வழியைத் தாமே வகுக்கட்டும் என்று உறுதியாய் நின்றார். தனியமைப்புத் தோன்றியது. பின்னர் மிசிசிப்பி உழவர் குடில்தோறும் சென்று, வாக்குரிமை கேட்க அவர்களை எழுப்பியதும் அவ்வமைப்பே.

அன்பர்களே! நம்மூரில் படிப்பகம் நடத்தும் இளைஞர்க்கும், சாதிக் கொடுமையை எதிர்க்கும் மாணவர்க்கும் கூடுவதற்கு இடங்கொடுங்கள், கைப்பொருள் கொடுங்கள், வழக்கு வந்தால் உடன் நில்லுங்கள். மேடையில் முதலிருக்கை மட்டும் கேளாதீர்கள். நாற்றுக்கு நீர் வார்ப்பவன், அதனைப் பிடித்திழுத்து வளர்க்க முனைவானா?