ஓட்டக்களமும் ஏடும்



கும்பினியாரின் சென்னைப் படையில் நம் முன்னோர் பலர் பணிபுரிந்தனர். பின்னர், ‘போர்க்குலம்’ என்னும் பொய்க்கொள்கை அவ்வாயிலைக் குறுக்கியது. சுபேதார் ஒருவரின் மகனாகப் பிறந்த அண்ணல் அம்பேத்கர் அக்கொடுமையை நன்கறிவார்.

இன்று ஃபேர்லேண்ட்சில் கூடியுள்ள நாம் கும்பகோணத்து வீரர் ஆனந்தன் குணசேகரனை எண்ணிப் பார்க்கின்றோம். அவர் எக்குலத்தவர் என நாம் வினவவில்லை, வினவவும் மாட்டோம். 2008இல் கண்ணிவெடியில் இடக்காலை இழந்தவர் அவர். 1995இல் ரோமில் தொடங்கி, 2007இல் ஐதராபாத்திலும் நடந்த உலகப் படைவீரர் விளையாட்டுப் போட்டி, 2019இல் சீனத்து வூகானில் நடைபெற்றது. அங்கே மாற்றுத்திறனாளர் பிரிவில் செயற்கைக் காலுடன் ஓடி, 100, 200, 400 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றார். அதே போட்டியில் ஈட்டி எறிதலில் சிவ்பால் சிங்கும் தங்கம் பெற்றார்.

நம் பிள்ளைகள் சிலர் விடியலில் ஓடுகின்றனர். மாலை வகுப்புக்கு மட்டும் வருவதில்லை. அது நமக்கு வருத்தமே. 2023 முதல் படைச்சேர்ப்பில் எழுத்துத் தேர்வு முந்தி, 1.6 கிலோமீட்டர் ஓட்டம் பிந்தி. ஏட்டில் தவறியவனுக்கு ஓடுதற்குக் களமே கிடையாது. ஆகவே வரும் திங்கள் முதல், காலையில் ஓடுவோரின் பெயரை மாலை வகுப்பின் வருகைப் பதிவேட்டிலும் காண விழைகின்றோம்.