கல் இருந்த இடத்தில் புல்



பல்லாண்டுகள் கரும்பலகையின் முன் ஆசிரியனாக நின்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகு மண்ணின் முன் மாணவனாக அமர்ந்து பாடம் கேட்டேன். அந்தக் கதையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

என் வீட்டின் முன்புறம் முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள முற்றம் ஒன்று உண்டு. மகளின் திருமணத்தின்போது பந்தலிட வசதியாக இருக்கட்டும் என்று அதில் கடப்பைக் கற்களைப் பதித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால், கோடையில் அந்தக் கல் உள்வாங்கிய வெப்பம் இரவிலும் வீட்டினுள் வீசியது. ஓரத்தில் நின்ற வேப்பமரம் ஆண்டுக்கு ஆண்டு வாடியது. மழைநீரோ ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் தெருச் சாக்கடைக்கு ஓடியது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். என் முற்றம் ஏறத்தாழ 56 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 2,800 லிட்டர். இத்தனை நீரையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, கிணறு வற்றிவிட்டதே என்று நான் வருந்திக்கொண்டிருந்தேன்!

கற்களை அகற்றிப் புல் வளர்ப்பது என முடிவு செய்தேன். தை மாதத்தில் கற்களைப் பெயர்த்தெடுத்து, மேலே நான்கு அங்குலம் செம்மண் பரப்பி, அறுகம்புல்லை ஊன்றினேன். வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. முதலில் பசுமை தலைகாட்டியது. சித்திரையில் எல்லாம் மஞ்சளாயிற்று. இடையில் பெய்த கோடைமழையும் உள்ளே இறங்காமல் குளம்போல் தேங்கிற்று.

தோட்ட வேலைக்கு வந்த முதிய அம்மையார் ஒருவர் கடப்பாரையால் ஓரிடத்தில் குத்தினார். அது நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. “ஐயா, மேலே மெத்தை விரிச்சிருக்கீங்க, கீழே பாறையில்ல கிடக்குது!” என்றார் அவர்.

உண்மையும் அதுவே. கல் பதிக்கும்போது சல்லியைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்தோம் அல்லவா? மண்துகள்களுக்கு இடையே காற்றும் நீரும் உலவும் நுண்ணிய வழிகள் அப்போதே அடைபட்டுவிட்டன. வேர் இறங்க வழியில்லாத இடத்தில் இலை எவ்வாறு நிலைக்கும்?

ஆடியில் வேலையை மீண்டும் தொடங்கினோம். முதலில் சல்லி, சிமெண்டுக் கட்டி, செங்கல் துண்டு யாவற்றையும் பொறுக்கி அகற்றினோம். சிமெண்டுத் தூள் மண்ணில் காரத்தன்மையை ஏற்றிவிடும். பின்னர் ஓரடி ஆழம் கொத்தினோம். எங்கள் மண் களி கலந்தது. ஆதலால் ஈரம் மிகுந்த நாளில் கொத்தவில்லை. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்தினால் அது உதிர வேண்டும், அதுவே பதம். வேப்பமரத்தருகில் கடப்பாரையை விலக்கி, களைக்கொட்டால் மெல்லக் கிளறினோம். பருத்த வேர் எதையும் வெட்டவில்லை.

அடுத்து, நன்கு மக்கிய சாணி எருவை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பிக் கிளறிவிட்டோம். நீர் வீட்டுச் சுவரில் தேங்காதபடி, பத்தடிக்கு இரண்டு அங்குலம் வெளிப்புறமாகச் சரிவு வைத்தோம். உடனே நட என் கை துடித்தது. அம்மையார் தடுத்தார். நீர் தெளித்து மூன்று வாரம் காத்திருந்தோம். புதிதாய்க் கொத்திய மண் படிந்து தன் பள்ளங்களைக் காட்டியது. ஒளிந்திருந்த கோரையும் முளைத்தது. அதைக் கிழங்கோடு அகழ்ந்தெறிந்து, பள்ளங்களை நிரப்பிப் பலகையால் சமன் செய்த பிறகே, கணுக்களோடு கூடிய அறுகந்தண்டுகளை நான்கு அங்குல இடைவெளியில் நட்டோம்.

ஐப்பசி மழை வந்தது. திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் தேங்கவுமில்லை, தெருவுக்கு ஓடவுமில்லை, மண் குடித்துக்கொண்டிருந்தது. மறுநாட் காலையில் புல்லிடையே மண்புழுக்களின் சிறு குவியல்களைக் கண்டேன். பழைய ரோமானியக் கட்டடங்கள் மண்ணுள் புதைந்ததில் மண்புழுக்களுக்குப் பெரும் பங்குண்டு என்று சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். அந்த உழவர்கள் என் முற்றத்திற்கும் திரும்பிவிட்டனர்.

அன்று மகிழ்ச்சியோடு வேறொரு நினைவும் எழுந்தது. ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் வராத மாணவன் ஒருவனை, ‘மந்தபுத்தி’ என்று எல்லோர் முன்னும் இகழ்ந்தேன். அவன் பள்ளியை விட்டு நின்ற பின்னரே அவனது பழைய ஏட்டைப் புரட்டினேன். கீழ்வகுப்பில் கற்க வேண்டிய பின்னங்களே அவனுக்கு விளங்கியிருக்கவில்லை. இறுகிய நிலத்தின் மேல் நான் புல்லை ஊன்றிவிட்டு, புல்லின் மீது குறை கூறியிருக்கிறேன். அவனை மீண்டும் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, ஒரு பாடம் உங்களுக்கு வரவில்லையானால், ‘எனக்கு அறிவில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீழே எந்த இடம் இறுகிக் கிடக்கிறது என்று குத்திப் பாருங்கள். வேண்டுமானால் இரண்டு வகுப்பு கீழே இறங்கியும் கொத்துங்கள்; அதில் நாணம் வேண்டாம். உங்கள் வீட்டில் எவரேனும் முற்றம் முழுவதும் கல் பதிக்க எண்ணினால், மழைக்கென்று கொஞ்சம் மண்ணை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.